கல்கத்தாவுக்கு வந்த கணித மேதை: எஸ்.எஸ். பிள்ளை

கல்கத்தாவுக்கு நம்மவர்கள் பிழைப்புத் தேடி வந்த கதை நூறாண்டுகளுக்கும் மேற்பட்டது. வெள்ளைக்காரக் கம்பெனிகளில் ஸ்டெனோவாக வந்தவர்கள், கணக்கு எழுத வந்தவர்கள், என்னைப்போல் ரயில்வேயில் தண்டவாளமும் பாலமும் பார்க்க வந்தவர்கள் என்று பல வகை. லேக் மார்க்கெட்டில் வாழைப்பூவும் காப்பிப் பொடியும் விற்கத் தொடங்கியதே நம்மவர்களின் வரவால்தான். இந்த வரிசையில் 1942-ஆம் ஆண்டு, 41 வயதுள்ள ஒருவர் கல்கத்தாப் பல்கலைக்கழகத்தில் கணித விரிவுரையாளராக வந்து சேர்ந்தார். ஊர், குற்றாலத்துக்குப் பக்கத்தில் உள்ள வல்லம். பெயர், சுப்பையா சிவசங்கரநாராயண பிள்ளை. கணித உலகம் அவரை எஸ்.எஸ். பிள்ளை என்று அறியும்.

நம்மில் எத்தனை பேர் இந்தப் பெயரைக் கேட்டிருக்கிறோம்? சில ஆண்டுகளுக்கு முன் பொங்கல் விழாவில், இங்கேயே பிறந்து வளர்ந்து எம்.எஸ்ஸி. கணிதம் படிக்கும் ஒரு பெண் என்னிடம், “மாமா, எங்க பாடத்துல ‘பிள்ளை ஊகம்’னு ஒண்ணு வருது. இந்தப் பிள்ளை எந்த ஊர்க்காரர்?” என்று கேட்டாள். அவர் நம் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர் என்பதோ, அவர் பாடம் நடத்தியது இதே நகரத்துப் பல்கலைக்கழகத்தில்தான் என்பதோ அவளுக்குத் தெரியவில்லை. கணிதத்தில் தமிழர் என்றால் சீனிவாச ராமானுஜன் ஒருவர் பெயரோடு நாம் நிறுத்திவிடுகிறோம். அதனால்தான் இந்தக் கட்டுரை.

நான் பாலிடெக்னிக்கில் டிப்ளமோ படித்தவன். பிள்ளையின் நிரூபணங்களை வரிக்கு வரி புரிந்துகொள்ளும் படிப்பு எனக்கு இல்லை. ஆனால் அவர் எடுத்துக்கொண்ட கேள்விகள், கூட்டலும் பெருக்கலும் தெரிந்த எவருக்கும் புரியக் கூடியவை. எண்ணியல் என்னும் துறையின் அழகே அதுதான். கேள்வி எட்டாம் வகுப்புப் பையனுக்குப் புரியும்; விடை காண ஒரு வாழ்நாள் போதாது.

வல்லத்துப் பையன்

பிள்ளை பிறந்தது 1901, ஏப்ரல் 5. தந்தை சுப்பையா பிள்ளை, தாய் கோமதி அம்மாள். பிறந்து ஒரு வருடம் ஆவதற்குள் தாய் காலமானார். உறவில் ஒரு மூதாட்டியின் துணையோடு தந்தைதான் குழந்தையை வளர்த்தார். அந்தக் காலத்தில் செங்கோட்டை திருவிதாங்கூர் சமஸ்தானத்தைச் சேர்ந்தது. 1956-ல்தான் அது சென்னை மாநிலத்தோடு இணைந்தது. ஆகவே அந்தப் பக்கத்துப் பிள்ளைகள் மேற்படிப்புக்கு நாகர்கோவில், திருவனந்தபுரம் என்று போவது வழக்கம்.

பள்ளிப் படிப்பு செங்கோட்டையில். அங்கே சாஸ்திரியார் என்று ஓர் ஆசிரியர் இருந்தார். பையனின் கணக்குத் திறமையை முதலில் கண்டுகொண்டவர் அவர்தான். பள்ளியின் கடைசி ஆண்டில் தந்தையும் இறந்துபோனார். தாயும் இல்லை, தந்தையும் இல்லை. படிப்பு அத்தோடு நின்றுபோக வேண்டிய நிலை. சாஸ்திரியார் தம் சம்பளத்திலிருந்து பணம் கொடுத்துப் பையனைப் படிக்க வைத்தார். அந்தக் காலத்துப் பள்ளி ஆசிரியரின் சம்பளம் எவ்வளவு இருந்திருக்கும் என்று நம் வீட்டுப் பெரியவர்களைக் கேட்டால் சொல்வார்கள். அதில் ஒரு பங்கைப் பிறத்தியார் பிள்ளைக்கு ஒதுக்குவது என்றால் அது சாதாரண மனம் இல்லை. பின்னால் உலகம் பேசிய கணிதம் எல்லாவற்றுக்கும் அஸ்திவாரம் அந்த மனிதர் போட்டது.

பிள்ளை நாகர்கோவில் ஸ்காட் கிறிஸ்தவக் கல்லூரியில் இண்டர்மீடியட் முடித்தார். பிறகு திருவனந்தபுரம் மகாராஜா கல்லூரியில் பி.ஏ. பட்டம். 1927-ல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி உதவித்தொகை கிடைத்தது. அங்கே கே. ஆனந்தராவ், ஆர். வைத்தியநாதசுவாமி ஆகிய இரு பெரிய கணித அறிஞர்களின் வழிகாட்டுதல் வாய்த்தது. ஆனந்தராவ், கேம்பிரிட்ஜில் ராமானுஜன் இருந்த அதே காலத்தில் அங்கே படித்தவர். பேராசிரியர் ஹார்டியின் மாணவர்.

சிதம்பரத்தில் பன்னிரண்டு ஆண்டுகள்

1929-ல் சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் தொடங்கப்பட்டது. அதே ஆண்டு பிள்ளை அங்கே விரிவுரையாளராகச் சேர்ந்தார். 1941 வரை அங்கேயே இருந்தார். அவருடைய மிகச் சிறந்த வேலைகள் பிறந்தது இந்தப் பன்னிரண்டு ஆண்டுகளில்தான். கேம்பிரிட்ஜ் இல்லை, பாரிஸ் இல்லை. தில்லை நடராஜர் கோயிலும் வயல்வெளியும் சூழ்ந்த ஒரு சிற்றூர். கணக்குப் போடும் இயந்திரம் கிடையாது. வெளிநாட்டுப் பத்திரிகைகள் கப்பலில் வந்து சேர வாரக்கணக்கில் ஆகும்.

அவர் எடுத்துக்கொண்ட கேள்விகளில் எளிமையான ஒன்றை முதலில் சொல்கிறேன். வரிசையாக வரும் சில எண்களை எடுத்துக்கொள்ளுங்கள். அவற்றில் ஏதாவது ஓர் எண்ணாவது, மற்ற எந்த எண்ணோடும் (ஒன்றைத் தவிர) பொதுக் காரணி இல்லாமல் தனித்து நிற்குமா? 16 எண்கள் வரை எடுத்தால், எங்கிருந்து தொடங்கினாலும் அப்படி ஓர் எண் கட்டாயம் இருக்கும் என்று பிள்ளை 1940-ல் நிரூபித்தார். 17 எண்கள் என்றால் அந்த உறுதி போய்விடுகிறது. 2184 முதல் 2200 வரை உள்ள 17 எண்களைப் பாருங்கள். இரட்டைப்படை எண்களுக்கு 2 பொது. 2187, 2193, 2199 மூன்றுக்கும் 3 பொது. 2185-க்கும் 2195-க்கும் 5 பொது. 2191, 2184-ஓடு 7-ஐப் பங்கிட்டுக்கொள்கிறது. 2189, 2200-ஓடு 11-ஐ. 2197, 2184-ஓடு 13-ஐ. தனித்து நிற்க ஒருவரும் மிச்சம் இல்லை! நான் பேப்பரும் பேனாவும் எடுத்து உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் சரிபார்த்தேன். ரிட்டயர் ஆன மனிதனுக்கு இதைவிட நல்ல பொழுதுபோக்கு வேறு இல்லை. 17 முதல் 430 வரை எந்த எண்ணிக்கையில் எடுத்தாலும் இப்படிப்பட்ட கூட்டங்கள் கணக்கில்லாமல் உண்டு என்றும் பிள்ளை காட்டினார். அடுத்த ஆண்டே ஆல்ஃபிரட் பிராவர் என்பவர், 17-க்கு மேல் எந்த எண்ணிக்கைக்கும் அது பொருந்தும் என்று முடித்து வைத்தார்.

எழுபத்து மூன்று நோட்டுகள்

பிள்ளைக்குப் பெரும் புகழ் தேடித் தந்தது வேரிங் கணக்கு. எட்வர்ட் வேரிங் என்ற ஆங்கிலேயர் 1770-ல் ஒரு புத்தகத்தில், எந்த முழு எண்ணையும் நான்கு வர்க்க எண்களின் கூட்டலாகவோ, ஒன்பது கன எண்களின் கூட்டலாகவோ, பத்தொன்பது நான்காம் அடுக்கு எண்களின் கூட்டலாகவோ எழுதலாம், இது இப்படியே மேலும் போகும் என்று எழுதி வைத்தார். நிரூபணம் கொடுக்கவில்லை. வர்க்கத்துக்கான நிரூபணத்தை அதே ஆண்டில் லக்ராஞ்சு கொடுத்தார். ஒவ்வோர் அடுக்குக்கும் இப்படி ஓர் எல்லை உண்டு என்று ஜெர்மனியின் ஹில்பர்ட் நிரூபித்தது 1909-ல். ஆனால் எல்லை உண்டு என்பது வேறு, அது சரியாக எத்தனை என்பது வேறு. கன எண்களுக்கு ஒன்பது போதும் என்பது 1912-க்குள் முடிவானது. மற்றவை அப்படியே நின்றன.

குடும்பத்தில் உள்ளவர்களுக்குப் புரிய ஓர் உதாரணம். ஒரு நாட்டில் ரூபாய் நோட்டுகள் 1, 64, 729, 4096 என்ற மதிப்புகளில்தான் அச்சடிக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். இவை ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு ஆகியவற்றை ஆறு தடவை பெருக்கி வந்த எண்கள். இப்படியே மேலும் பெரிய நோட்டுகளும் உண்டு. கடையில் 703 ரூபாய் கொடுக்க வேண்டும். 729 ரூபாய் நோட்டு பெரிது, உதவாது. 64 ரூபாய் நோட்டு பத்து கொடுத்தால் 640. பாக்கி 63-க்கு ஒரு ரூபாய் நோட்டு அறுபத்து மூன்று. ஆக மொத்தம் 73 நோட்டுகள். இதைவிடக் குறைவாக முடியாது.

இப்போது கேள்வி: 703-ஐவிடப் பெரிய தொகைகளில் எதற்காவது 73-க்கு மேல் நோட்டுகள் தேவைப்படுமா? கோடி, கோடானுகோடி என்று எவ்வளவு தூரம் போனாலும் தேவைப்படாது என்று 1940-ல் நிரூபித்தவர் எஸ்.எஸ். பிள்ளை. ஆறாம் அடுக்குக்கு விடை 73 என்பது அவருடைய பெயரில் நிற்கிறது.

இதில் உள்ள சிரமத்தை எங்கள் பால வேலையை வைத்துச் சொல்லலாம். ஆற்றின் ஒரு கரையில் மிகமிகப் பெரிய எண்கள். அவற்றுக்கு ஹார்டி, லிட்டில்வுட், பின்னர் ரஷ்யாவின் வினோகிராடோவ் ஆகியோர் வகுத்த உயர்ந்த முறைகள் செல்லும். மறு கரையில் சிறிய எண்கள். அவற்றைக் கையால் கணக்கிட்டு அட்டவணை போடலாம். நடுவில் உள்ள இடைவெளிதான் ஆபத்து. அந்தப் பெரிய முறைகள் வேலை செய்யத் தொடங்கும் இடம் நினைத்துப் பார்க்க முடியாத உயரத்தில் இருந்தது. அட்டவணையோ அவ்வளவு தூரம் எட்டாது. பெரிய முறையைக் கீழே இறக்கியும், அட்டவணையை மேலே ஏற்றியும், இரண்டு பக்கத்துக் கர்டர்களும் நடுவில் சந்திக்கும்படி செய்ய வேண்டும். ஓர் அங்குலம் குறைந்தாலும் பாலம் இல்லை.

ஆறுக்கு மேற்பட்ட அடுக்குகளுக்கும் பிள்ளை 1935, 1936 ஆண்டுகளில் விடைச் சூத்திரத்தைக் கண்டார். அதற்கு ஒரு சிறு நிபந்தனை உண்டு. அந்த நிபந்தனை தவறும் அடுக்கு எதுவும் இன்றுவரை அகப்படவில்லை. 47 கோடிக்கும் மேற்பட்ட அடுக்குகள் வரை கணினியில் 1990-ல் சோதித்துவிட்டார்கள்.

அதே சமயம் அமெரிக்காவில் சிகாகோப் பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் டிக்சனும் இதே விடையை எட்டினார். ஒருவர் செய்தது மற்றவருக்குத் தெரியாது. டிக்சன் உலகப் புகழ் பெற்றவர், எண்ணியலின் வரலாற்றையே மூன்று பாகங்களில் எழுதியவர். அவருடைய கட்டுரை அமெரிக்கக் கணிதப் பத்திரிகையில் வந்தது. பிள்ளையின் கட்டுரைகள் வெளிவந்தவை அண்ணாமலைப் பல்கலைக்கழக இதழும் இந்தியக் கணிதக் கழகத்தின் இதழும். வெளிநாட்டு நூலகங்களில் இவை எளிதில் கிடைக்காதவை. இன்றைய புத்தகங்களில் இருவர் பெயரும் சேர்ந்தே வருகின்றன என்பது நமக்கு ஆறுதல். ஆனாலும் யார் எங்கே அச்சிட்டார் என்பதைப் பொறுத்துப் புகழ் ஒருவருக்குச் சீக்கிரமும் ஒருவருக்குத் தாமதமுமாகப் போய்ச் சேர்கிறது என்பதை இதில் பார்க்கலாம்.

கல்கத்தா ஆண்டுகள்

1941-ல் பிள்ளை திருவிதாங்கூர்ப் பல்கலைக்கழகத்துக்குப் போனார். ஒரே ஆண்டில் கல்கத்தாவிலிருந்து அழைப்பு வந்தது. அழைத்தவர் பேராசிரியர் லெவி. இவர் ஒரு யூதர், ஜெர்மானியர். ஹிட்லர் ஆட்சியில் லைப்சிக் பல்கலைக்கழக வேலையை இழந்து, 1935-ல் கல்கத்தாவுக்கு வந்து ஹார்டிஞ்ச் பேராசிரியராகப் பொறுப்பேற்றவர். சொந்த நாட்டை விட்டு வந்த ஒருவர், சொந்த ஊரை விட்டு வர ஒரு தமிழரை அழைக்கிறார். இருவருக்கும் இடம் கொடுத்தது வங்காளம். வெளியூரில் வாழும் நமக்கு இந்த வரலாறு கொஞ்சம் நெருக்கமாகவே படுகிறது.

எந்தக் காலத்தில் வந்தார் என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். 1942 டிசம்பரில் ஜப்பானிய விமானங்கள் கல்கத்தாவில் குண்டு போட்டன. 1943-ல் வங்கப் பஞ்சம், இலட்சக்கணக்கானோர் மாண்டனர். 1946 ஆகஸ்டில் கலவரம். 1947-ல் விடுதலையும் பிரிவினையும், அகதிகளின் வெள்ளமும். ஊரோடு இருந்தவர்களே திண்டாடிய நாட்கள் அவை. அந்த ஆண்டுகளில்தான் தெற்கேயிருந்து வந்த இந்த மனிதர் இங்கே வகுப்பெடுத்தார், ஆராய்ச்சியையும் விடாமல் செய்தார்.

அந்தப் பெண் என்னிடம் கேட்ட ‘பிள்ளை ஊகம்’ 1945-ல் கல்கத்தாக் கணிதக் கழகத்தின் இதழில் அவர் எழுதிய கட்டுரையில் வருவது. அதையும் எளிதாகச் சொல்ல முடியும். வர்க்கம், கனம், அதற்கு மேற்பட்ட அடுக்கு எண்கள் எல்லாவற்றையும் வரிசையாக எழுதுங்கள்: 1, 4, 8, 9, 16, 25, 27, 32, 36, 49, 64, 81, 100, 121, 125, 128 என்று போகும். 8-க்கும் 9-க்கும் வித்தியாசம் 1. 25-க்கும் 27-க்கும் வித்தியாசம் 2. 125-க்கும் 128-க்கும் 3. இப்படி எந்த ஒரு வித்தியாசத்தை எடுத்துக்கொண்டாலும், அது இந்த வரிசையில் குறிப்பிட்ட சில தடவைதான் வரும், முடிவில்லாமல் வந்துகொண்டிருக்காது என்பது பிள்ளையின் ஊகம். வித்தியாசம் 1 என்பது 8, 9 இரண்டுக்கு மட்டுமே என்று ருமேனியாவில் பிறந்த மிஹைலெஸ்கு 2002-ல் நிரூபித்தார். அதற்கே உலகம் வியந்தது. வித்தியாசம் 2 என்பதற்குக்கூட இன்னும் நிரூபணம் கிடையாது. எண்பது ஆண்டுகளாகக் கதவு திறக்கவில்லை.

போய்ச் சேராத பயணம்

1950-ல் உலகம் பிள்ளையைக் கூப்பிட்டது. அமெரிக்காவில் பிரின்ஸ்டன் உயராய்வு நிலையத்தில் ஓராண்டு தங்கி ஆராய்ச்சி செய்ய அழைப்பு. ஐன்ஸ்டைன் அப்போது இருந்த இடம் அது. அதோடு ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் ஆகஸ்டு 30 அன்று தொடங்கும் உலகக் கணித மாநாட்டிலும் கலந்துகொள்ள ஏற்பாடு. உலகப் போரினால் 1936-க்குப் பிறகு கூடாமல் இருந்த மாநாடு அது.

பம்பாயிலிருந்து கெய்ரோ, ரோம் வழியாக நியூயார்க் செல்லும் டி.டபிள்யு.ஏ. விமானத்தில் அவர் பயணம் செய்தார். ஆகஸ்டு 31 அதிகாலை, கெய்ரோவிலிருந்து கிளம்பிய சிறிது நேரத்தில் என்ஜின் ஒன்று தீப்பிடித்தது. விமானம் பாலைவனத்தில் விழுந்தது. பயணிகளும் சிப்பந்திகளுமாக இருந்த 55 பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை. ஹார்வர்டில் மாநாடு தொடங்கிய மறுநாள். பிள்ளைக்கு அப்போது வயது 49.

அவரை நினைவுகூர்ந்து எழுதிய கணித அறிஞர் கே. சந்திரசேகரன், வேரிங் கணக்கில் பிள்ளை செய்ததை ராமானுஜனுக்குப் பிந்திய இந்தியக் கணிதத்தின் மிகச் சிறந்த சாதனைகளில் ஒன்றாக மதிப்பிட்டார். அதைக் கேட்க அவர் இல்லை. வாழ்நாளெல்லாம் செங்கோட்டை, சென்னை, சிதம்பரம், கல்கத்தா என்று நாட்டுக்குள்ளேயே வேலை செய்தவர், முதன்முதலாக உலக அரங்கில் தம் வேலையைத் தாமே எடுத்துச் சொல்லப் போன நேரத்தில் இப்படி ஆயிற்று.

மிச்சத்தை முடித்தவர்கள்

வேரிங் கணக்கில் அவர் காலத்துக்குப் பிறகு மிச்சம் இருந்தவை நான்காம் அடுக்கும் ஐந்தாம் அடுக்கும். இந்தக் கணக்கில் வேடிக்கை என்னவென்றால், அடுக்கு சிறியதாக ஆக ஆகச் சிரமம் அதிகம். ஐந்தாம் அடுக்குக்கு 37 என்று சீனாவின் சென் ஜிங்ருன் 1964-ல் நிரூபித்தார். நான்காம் அடுக்குக்கு வேரிங் சொன்ன 19 சரிதான் என்று நிரூபணமானது 1986-ல். அதைச் செய்த மூவரில் இருவர் பிரான்ஸ் நாட்டினர். ஒருவர் நம் நாட்டு ஆர். பாலசுப்பிரமணியன், பின்னாளில் சென்னைக் கணித அறிவியல் நிறுவனத்தின் இயக்குநராக இருந்தவர். அதே பாலசுப்பிரமணியன், ஆர். தங்கதுரை என்னும் இன்னொரு கணித அறிஞரோடு சேர்ந்து, சிதறிக் கிடந்த பிள்ளையின் கட்டுரைகளை எல்லாம் திரட்டி 2010-ல் இரண்டு தொகுதிகளாகக் கொண்டுவந்தார். பிள்ளை தொட்ட கணக்கை முடித்து வைத்தவரே அவருடைய எழுத்துகளையும் காப்பாற்றித் தந்தார். மறைந்து அறுபது ஆண்டுகள் கழித்து அவருடைய கட்டுரைகள் ஒரே இடத்தில் கிடைக்கத் தொடங்கின.

வெளியூர்களில் பிள்ளைகளை வளர்க்கும் நம்மிடம் ஒரு கவலை எப்போதும் உண்டு. நல்ல காலேஜ், நல்ல கம்பெனி, அதன் பிறகு அமெரிக்கா என்று ஒரே தண்டவாளத்தில் யோசிக்கிறோம். அதைக் குறை சொல்ல நான் வரவில்லை. நானும் அப்படித்தான் என் பிள்ளைகளைப் படிக்க வைத்தேன். ஆனால் கணக்கில் மனம் லயிக்கும் ஒரு குழந்தை வீட்டில் இருந்தால், “இதெல்லாம் படித்து என்ன வேலை கிடைக்கும்?” என்று முதல் கேள்வியிலேயே மடக்கிவிட வேண்டாம். சாஸ்திரியார் அந்தக் கேள்வியைக் கேட்டிருந்தால் எஸ்.எஸ். பிள்ளை நமக்குக் கிடைத்திருக்க மாட்டார். நம் சங்கத்தின் பொங்கல் விழாப் போட்டிகளில் கோலத்துக்கும் பாட்டுக்கும் பரிசு தருகிறோம். கணக்குக்கும் ஒரு பரிசு வைத்து, அதற்கு இந்த நகரத்தில் வாழ்ந்த பிள்ளையின் பெயரைச் சூட்டலாம் என்று சங்க நிர்வாகிகளைக் கேட்டுக்கொள்கிறேன்.

பிள்ளைகளுக்கு முதல் கணக்கை நானே தருகிறேன். 1, 128, 2187 என்ற மதிப்புகளில்தான் நோட்டுகள் உண்டு. இவை ஏழாம் அடுக்கு எண்கள். கடைக்காரருக்கு 2175 ரூபாய் கொடுக்க வேண்டும். குறைந்தது எத்தனை நோட்டுகள்? ஐந்து நிமிடத்தில் போட்டுவிடுவார்கள். அவர்கள் விடையைச் சொன்னதும், இன்னும் பெரிய ஏழாம் அடுக்கு நோட்டுகளும் இருந்தால், எவ்வளவு பெரிய தொகைக்கும் அதற்கு மேல் ஒரு நோட்டுகூடத் தேவைப்படாது என்று நிரூபித்தவர்களில் ஒருவர் வல்லத்துக்காரர் என்பதையும் சேர்த்துச் சொல்லிக் கொடுங்கள்.